மாயவரம் ஒன்லி

‘ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது’ என்று ஒரு பழமொழி இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுப்பதில்லை. ஐப்பசி மாதத்தில் துலா ஸ்நானத்துக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு காவேரிக் கரையில் நின்று சொல்வார்கள். கும்பகோணத்துக்காரர் யாராவது தம் ஊர் வெற்றிலையைப் பற்றிப் பெருமை பேசும்போதும் சொல்வார்கள். அந்த ஊரின் பெயர் மாயூரமாக இருந்து, பேச்சில் மாயவரமாகத் தேய்ந்து, 1982-ல் மயிலாடுதுறையாகி, 2020-ல் தன் பெயரிலேயே ஒரு மாவட்டத்துக்குத் தலைநகரும் ஆகிவிட்டது. ஆனாலும் என் வயதுக்காரர்களிடம் “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் வருகிற பதில், “மாயவரம்தான்.”

இந்தத் ‘தான்’ என்கிற இரண்டெழுத்துச் சமாசாரத்தால் எனக்கு நேர்ந்த ஓர் அவமானத்தைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

படிப்பு முடிந்து உத்தியோகம் தேடிச் சென்னைக்குப் போன புதிது. ஓர் ஆபீஸில் என்னைப் பேட்டி காண மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர், எந்த ஊர் என்று இங்கிலீஷில் கேட்டார். நான் மரியாதையாக, “ஐ ஆம் ஃப்ரம் மாயவரம் ஒன்லி, சார்” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “மாயவரத்திலிருந்து மட்டும்தானா? ஒரு மனிதன் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று ஊர்களிலிருந்து வருவது உண்டோ?” என்று பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உத்தியோகம் தேடிப் போகிறவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

அன்று எனக்கு அவரிடம் கோபம் வரவில்லை. என் இங்கிலீஷின் மேல்தான் கோபம் வந்தது. பல வருஷங்கள் கழித்துத்தான், அந்த வாக்கியத்தில் தவறாகிப் போனது என்ன, தவறாகாமல் இருந்தது என்ன என்று நிதானமாகப் பார்க்க முடிந்தது. அப்படிப் பார்த்ததையே இங்கே எழுதுகிறேன். இது இலக்கணப் பாடம் அல்ல. ஆனால் ஒரு சின்னச் சொல்லை வைத்து ஒரு ஜனக்கூட்டத்தையே எடை போடுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டபடியால், அந்தச் சொல்லையும் கொஞ்சம் தராசில் ஏற்றிப் பார்ப்பது நியாயந்தானே?

*

முதலில் ‘ஒன்லி’யின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். இங்கிலீஷில் ஒன்றைக் குறிக்கும் ‘ஒன்’ என்ற எண்ணுப் பெயரின் பழைய வடிவத்தோடு ‘லி’ என்ற விகுதி சேர்ந்து பிறந்த சொல் அது. பிறப்பிலேயே அது கணக்குப்பிள்ளை. ‘ஒன்று, வேறு இல்லை’ என்று எண்ணிச் சொல்வதற்காகவே அவதாரம் எடுத்தது. ஒரே பிள்ளை என்று நாம் சொல்வதை அவர்கள் ‘ஒன்லி சன்’ என்கிறார்கள். நம்முடைய ‘ஒரே’யும் ஒன்றிலிருந்து பிறந்ததுதான். இந்த இடத்தில் இரண்டு பாஷைகளும் ஒன்றையொன்று கட்டிக்கொள்கின்றன.

அடுத்து, அது வாக்கியத்தில் உட்காரும் இடம். ‘ராமன் நேற்று இட்லி தின்றான்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் ராமனுக்கு முன்னால் ‘ஒன்லி’யை வைத்தால், ராமன் மட்டுமே தின்றான், மற்றவர்கள் பட்டினி. இட்லிக்கு முன்னால் வைத்தால், இட்லியை மட்டும் தின்றான், தோசையைத் தொடவில்லை. வினைக்கு முன்னால் வைத்தால், தின்ன மட்டும் செய்தான். மாவு அரைத்தது வேறொருவர். நேற்றுக்கு முன்னால் வைத்தால், நேற்றுத்தான் தின்றான். அதற்குள் மறுபடியும் கேட்கிறானே என்று அர்த்தம். நாற்காலி மாறினால் அதிகாரமும் மாறுகிறது.

நம்மில் பல தலைமுறைகளுக்கு இங்கிலீஷ் வேதமாக இருந்த ரென் அண்டு மார்ட்டின் இலக்கணப் புத்தகம், எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதை ஒட்டியே ‘ஒன்லி’யை வைக்க வேண்டும் என்று விதி செய்தது. உபாத்தியாயர்கள் அதைப் பிரம்போடு சேர்த்துக் கற்பித்தார்கள். ஆனால் இங்கிலீஷ்காரர்களின் வாயோ இந்த விதிக்கு அடங்குவதில்லை. அவர்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் அதைப் போட்டுவிட்டு, எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அந்தச் சொல்லைக் குரலால் அழுத்திவிடுகிறார்கள். 1926-ல் வெளிவந்த தம் பிரயோக அகராதியில் ஃபௌலர் என்ற பெரியவர் இந்த வழக்கத்துக்காகப் பரிந்து பேசினார். ஒரு மனிதன் போன வாரம்தான் இறந்தான் என்று சொல்ல வரும்போது, அர்த்தம் குழம்பாத வரையில் ‘ஒன்லி’ இறந்தான் என்பதற்கு முன்னால் இருந்தால் என்ன, வாரத்துக்கு முன்னால் இருந்தால் என்ன என்பது அவர் கட்சி. ஆகவே, இடம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் யாரையும் சிரிக்க வேண்டியதில்லை. இங்கிலீஷ்காரர்களே இந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ளாமல் வெகு காலம் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இது தவிர ‘ஒன்லி’க்கு வேறு வேஷங்களும் உண்டு. ‘வருவேன், ஆனால் கையில் காசில்லை’ என்பதில் வருகிற ‘ஆனால்’ வேஷம் ஒன்று. ‘ரொம்ப ரொம்பச் சந்தோஷம்’ என்பதை ‘ஒன்லி டூ க்ளாட்’ என்று சொல்லும்போது, குறைக்க வேண்டிய சொல் கூட்டிக் கொடுக்கிறது. ‘இஃப் ஒன்லி’ என்று வந்தால் பெருமூச்சு. இந்தப் பெருமூச்சை நான் வெகு நாள் இங்கிலீஷுக்கே சொந்தம் என்று எண்ணியிருந்தேன். ஒரு நாள் எங்கள் வீட்டுப் பாட்டி, “உங்க தாத்தா மட்டும் இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தபோது திடுக்கிட்டேன். அதே ‘மட்டும்’! எண்ணுகிற சொல் ஏக்கத்துக்கும் உதவுகிறது. ஏதோ ஒன்று மட்டும் கிடைத்திருந்தால் போதுமே என்ற மனித மனத்தின் கணக்கு, தேம்ஸ் கரையிலும் ஒன்றுதான், காவேரிக் கரையிலும் ஒன்றுதான்.

*

இனி நம்முடைய ‘தான்’.

இதன் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அதன் தமக்கையான ‘ஏ’காரத்தைப் பற்றி நம் இலக்கணக்காரர்கள் சொன்னதைப் பார்க்க வேண்டும். தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்கிறது. பின்னால் வந்த நன்னூல் ஆறு சொல்கிறது. அவற்றுள் நமக்கு இங்கே வேண்டியவை இரண்டு. ஒன்று பிரிநிலை. அதாவது, ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து, மற்றவற்றைத் தள்ளுவது. மற்றொன்று தேற்றம். அதாவது, மற்றவற்றைப் பற்றிய பேச்சே இல்லாமல், இது நிச்சயம், இதில் சந்தேகமில்லை என்று உறுதி சொல்வது. பேச்சுத் தமிழில் இந்த இரண்டு வேலைகளையும் ‘தான்’ எடுத்துக்கொண்டுவிட்டது.

‘அஞ்சு பேர்ல இவனுக்குத்தான் கணக்கு வரும்’ என்றால் பிரிநிலை. மற்ற நான்கு பேருக்கு வராது. ‘நான் மாயவரம்தான்’ என்றால் தேற்றம். எனக்கு அதுவே ஊர், சந்தேகம் வேண்டாம், நீங்களும் அந்தப் பக்கமோ என்று கேட்பதற்கு ஒரு வாசலும் திறந்து வைத்திருக்கிறேன். வேறு எந்த ஊரையும் நான் அங்கே தள்ளவில்லை. தள்ளுவதற்கு அங்கே வேறு ஊரே இல்லை.

இங்கிலீஷ் ‘ஒன்லி’க்குப் பிரிநிலை தெரியும், தேற்றம் தெரியாது. இவ்வளவுதான் விஷயம். ‘ஒன்’ என்ற எண்ணிலிருந்து பிறந்தது எண்ணத்தானே செய்யும்? நம் ‘தான்’ எண்ணிலிருந்து பிறந்ததல்ல. தான், தன், தனக்கு என்று வருகிற அந்தத் ‘தான்’ உறவு அது. ‘அதுவே, அதன் சுயமே’ என்று விரலை வைத்துக் காட்டுவது அதன் சுபாவம். ஒன்று எண்ணுகிறது, மற்றொன்று சுட்டுகிறது.

இரண்டும் சந்திக்கிற இடங்கள் இருப்பதால்தான் நம் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். ‘நேற்றுத்தான் வந்தேன்’ என்பதற்கு ‘ஒன்லி’ போட்டால் சரியாக இருக்கிறது. ‘அவர் வந்தால்தான் முடியும்’ என்பதற்கும் ‘ஒன்லி இஃப்’ சரியாக இருக்கிறது. ‘பத்து ரூபாய்தான் இருக்கிறது’ என்பதற்கும் அப்படியே. மூன்று இடத்தில் கதவு திறந்தால், நாலாவது இடத்திலும் அதே சாவியை நுழைக்காமல் யார் இருப்பார்கள்? அகராதியோ ‘ஒன்லி’ என்பதற்கு எதிரே ‘மட்டும், தான், ஏ’ என்று மூன்று சொற்களைக் கமாப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறது. பையன் அதை நம்புகிறான். வாக்கியத்தின் முடிவில், தமிழில் எப்படிச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவானோ அப்படியே ஒட்டுகிறான். மாயவரம் ஒன்லி, டுமாரோ ஒன்லி, ஹீ ஒன்லி. தமிழன் மட்டும் இப்படிச் செய்வதில்லை. இந்தி பேசுகிறவர்கள் தங்கள் ‘ஹீ’ என்ற ஒட்டுச் சொல்லுக்குப் பதிலாக இதே ‘ஒன்லி’யை இதே இடத்தில் வைக்கிறார்கள். பாரத தேசத்தின் ஒற்றுமைக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

உபாத்தியாயர்கள் இதைத் தவறு என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். ஏன் தவறு என்று சொல்வதில்லை. ஏனென்றால் இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்று விதி! நன்னூலில் தமிழ் ஐயா இரண்டாவது பீரியடில் கற்பித்த தேற்றமும் பிரிநிலையும், மூன்றாவது பீரியடில் வாசல் படியிலேயே செருப்போடு கழற்றி வைக்கப்படுகின்றன. இரண்டு பேரும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பேசியிருந்தால் என் பேட்டி வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இங்கிலீஷ் கற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒரே ஒரு சோதனைதான். ‘தான்’ போட்டுச் சொல்ல வந்த வாக்கியத்துக்குப் பின்னால் ‘வேறு யாரும் இல்லை’ அல்லது ‘வேறு எதுவும் இல்லை’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் தைரியமாக ‘ஒன்லி’ போடலாம். பொருந்தாவிட்டால் அது தேற்றம். தேற்றத்துக்கு இங்கிலீஷில் தனிச் சொல் தேட வேண்டாம். குரலை அழுத்தினால் போதும்; எழுத்தில் என்றால், ‘அடித்தது அவன்’ என்று நாம் வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிற மாதிரி, ‘இட் வாஸ் ஹீ ஹூ’ என்று அவர்களும் திருப்பிப் போடுவார்கள். ‘நாளைக்குத்தான் வருவேன்’ என்பதற்கு, ‘நாளை வரையில் வரமாட்டேன்’ என்கிற மாதிரி ‘நாட் அண்டில்’ என்பார்கள். பல சமயங்களில் ஒன்றுமே போடாமல் விட்டுவிடுவதுதான் சரியான இங்கிலீஷ். ‘மாயவரம்’ என்று சொல்லி நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

*

நான் கதை எழுதுகிறவன். ஆகையால் இந்த விஷயம் கதைகளில் என்ன பாடு படுகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

அயர்லாந்து தேசத்துக்காரர்களுக்கும் தங்கள் ஐரிஷ் பாஷையில் நம்மைப் போலவே ஒரு சொல்லைத் தூக்கி முன்னால் வைத்து உறுதிப்படுத்துகிற பழக்கம் உண்டு. இங்கிலீஷ் பேசும்போதும் அந்தப் பழக்கத்தை அவர்கள் விடவில்லை. வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பேசினார்கள். ஸிஞ்ச் என்ற நாடகாசிரியர் அந்தப் பேச்சையே எடுத்து நாடகம் செய்தார். அவருடைய ‘மேற்குலகின் விளையாட்டு வீரன்’ 1907-ல் டப்ளின் ஆபி தியேட்டரில் அரங்கேறியபோது கலாட்டாவே நடந்தது. கலாட்டாவுக்குக் காரணம் வேறு. ஆனால் அந்தப் பேச்சின் இசையை உலகம் பிற்பாடு கொண்டாடியது. தாய்மொழியின் எலும்பு இங்கிலீஷின் தோலுக்கு மேலே தெரிவதை அங்கே கவிதை என்றார்கள்.

நமக்கு மட்டும் அது கேலிக்கூத்து ஆகிவிட்டது. நிசிம் எசக்கியேல் இந்திய இங்கிலீஷிலேயே சில கவிதைகள் எழுதினார். அவர் கை தேர்ந்த கை. சிரிப்புக்கு அடியில் பரிவும் இருக்கிறது என்று வாதிப்பவர்கள் உண்டு. ஆனால் சபையில் வாசிக்கும்போது ஜனங்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று கவனித்தால், பரிவுக்கு அல்ல என்பது தெரிந்துவிடும். ஆர். கே. நாராயண் வேறு வழியில் போனார். 1935-ல் வந்த ‘சுவாமியும் நண்பர்களும்’ தொடங்கி, அவருடைய மால்குடி மனிதர்கள் எளிமையான, சுத்தமான இங்கிலீஷ் பேசுகிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ் என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். ‘தான்’ இல்லாத தமிழன் உப்பில்லாத சாம்பார் என்று நான் முன்பு அவர்மேல் குறைப்பட்டதுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை. தம் பாத்திரங்களின் பேச்சை விலைக்கு வைத்துச் சிரிப்பு வாங்காத ஆசிரியரின் கண்ணியம் அதில் இருக்கிறது. 1938-ல் ‘காந்தபுரா’ எழுதிய ராஜா ராவ் மூன்றாவது வழியைத் தேடினார். சொல்லை ஒட்ட வைக்காமல், கன்னடத்து மூச்சையே இங்கிலீஷ் வாக்கியத்துக்குள் விட்டுப் பார்த்தார். எடுத்த காரியம் பெரிது. எல்லாப் பக்கங்களிலும் மூச்சு ஒரே சீராக வருகிறது என்று சொல்லமாட்டேன்.

கொஞ்ச காலமாகக் காற்று திசை மாறியிருக்கிறது. ‘நாங்கள் இப்படித்தான்’ என்பதை ‘ஒன்லி’ போட்டே சொல்லிக்கொள்வது நாகரிகமாகிவிட்டது. 2007 வாக்கில் இந்த ‘ஒன்லி’யைத் தலைப்பிலேயே வைத்து இங்கிலீஷ் புத்தகங்கள் வெளிவந்தன. சந்தோஷம். ஆனால் சரியான இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்கள் விளையாட்டுக்காகப் போட்டுக்கொள்கிற ‘ஒன்லி’ வேறு. வேறு வழி தெரியாமல் பேட்டி அறையில் ஒருவன் சொல்லிவிட்ட ‘ஒன்லி’ வேறு. முன்னது கிழிந்த மாதிரி தைத்துப் போட்டுக்கொள்கிற சட்டை. பின்னது நிஜமாகவே கிழிந்த சட்டை.

எதிர்த் திசையிலும் சேதம் நடக்கிறது என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இங்கிலீஷிலிருந்து அவசரமாகப் பெயர்க்கிறவர்கள் ‘ஒன்லி’யைக் கண்டதும் ‘மட்டுமே’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒருவன் ஸ்டேஷனுக்கு ஓடினான். போய்ப் பார்த்தால் ரயில் போய்விட்டிருந்தது. இந்தப் பின்பாதியை இங்கிலீஷில் ‘ஒன்லி டு ஃபைண்ட்’ என்று சொல்வார்கள். அதை, ‘ரயில் போய்விட்டதைக் காண்பதற்காக மட்டுமே அவன் ஓடினான்’ என்று தமிழ்ப்படுத்தினால் அவனைப் பைத்தியக்காரனாக்கிவிடுகிறோம். ‘நேற்றுத்தான் பார்த்தேன்’ என்று சொல்லாமல் ‘நேற்று மட்டுமே பார்த்தேன்’ என்று எழுதுகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததே இல்லை என்று அர்த்தமாகிறது. நாம் அவர்கள் பாஷையில் தேற்றத்தை நுழைத்தோம். அவர்கள் நம் பாஷையில் கணக்கை நுழைக்கிறார்கள். முதல் குற்றத்துக்குச் சிரிப்பு என்ற தண்டனை கிடைத்தது. இரண்டாவது குற்றத்தை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

*

‘ஒரு சொல்லுக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா?’ என்று கேட்கலாம். கதையிலும் கவிதையிலும் என்றால் விட்டுவிடலாம். கோர்ட்டில் என்றால்?

எங்கள் ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் தாங்கியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826-ல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்து, கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிறகு தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முனிசீப்பாக இருந்தவர். 1879-ல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்டுத் தமிழ் நாவலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர். அவரை நாவலாசிரியராக நினைவு வைத்திருக்கிறோம். அதற்கு முன்பே, 1862-ல், இங்கிலீஷில் இருந்த கோர்ட்டுத் தீர்ப்புக்களைத் தமிழில் தொகுத்துக் கொடுத்தவர் அவர் என்பதை மறந்துவிடுகிறோம். தம் நாவலிலேயே, தமிழ் தெரிந்த நீதிபதியின் முன்னால், தமிழ் தெரிந்த கட்சிக்காரனுக்காக, தமிழ் தெரிந்த வக்கீல் இங்கிலீஷில் வாதிப்பதைக் கேலி செய்து கண்டித்திருக்கிறார். நாவலில் பிரசங்கம் செய்கிறாரே என்று விமர்சகர்கள் இதைக் குறை சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இரண்டு பாஷைக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு மனிதனின் நிலத்தையும் மானத்தையும் தீர்மானிக்க வேண்டியிருந்த ஒருவர், அதைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

எங்கள் பக்கத்து வழக்கு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மடையைத் திறப்பதில் தகராறு. மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். ஒருவனுக்கு மண்டையில் அடி. சாட்சி கூண்டில் ஏறி, “இவர்தாங்க அடிச்சாரு” என்று ஒருவரைக் காட்டுகிறான். அது தேற்றம். ஆள் அடையாளம் சொல்கிறான். அதை இங்கிலீஷில் ‘இவர் மட்டுமே அடித்தார்’ என்கிற மாதிரி எழுதிவிட்டால், மற்ற இரண்டு பேர் அந்தக் கணமே வரப்பைத் தாண்டி வெளியே போய்விடுகிறார்கள். குறுக்கு விசாரணையில் அதே சாட்சி, “மத்த ரெண்டு பேரும் அடிச்சாங்க” என்றால், “முன்னால் இவர் மட்டும் என்றாயே!” என்று வக்கீல் மேஜையைத் தட்டுவார். சாட்சி புளுகன் ஆகிவிடுவான். அவன் சொன்ன இரண்டும் உண்மை. கூட்டாகச் செய்த குற்றத்துக்குக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் பொறுப்பு என்பது 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம். 2024-ல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வேறு சட்டம் வந்த பிறகும் அந்தக் கொள்கை மாறவில்லை. ஆகவே ‘தான்’ எந்தத் ‘தான்’ என்பதில் இரண்டு மனிதர்களின் சிறைவாசம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

1976-ல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்திக் கீழ்க்கோர்ட்டுகளில் தமிழுக்கு வழி செய்தார்கள். ஆனால் அப்பீல் என்று ஹைக்கோர்ட்டுக்குப் போனால், அரசியல் சாசனத்தின் 348-ஆவது ஷரத்துப்படி அங்கே பாஷை இங்கிலீஷ். சாட்சியின் ‘தான்’ ரயிலேறிச் சென்னைக்குப் போகும்போது, யாரோ ஒருவர் அதற்கு இங்கிலீஷ் சட்டை மாட்டியாக வேண்டும்.

அப்படிச் சட்டை மாட்டுவதில் வல்லவர் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் குடியிருந்த வக்கீல் குமாஸ்தா. குமாஸ்தா ஐயா என்றே கூப்பிடுவோம். அவர் பேசுகிற இங்கிலீஷில் மூன்று சொல்லுக்கு ஒரு ‘ஒன்லி’ விழும். ஒரு நாள் அவருடைய வக்கீலின் ஜூனியர் ஒருவர், அப்பீலுக்காக ஒரு வாக்குமூலத்தை இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வந்தார். ஜூனியர் சென்னையில் படித்தவர், இங்கிலீஷ் சுத்தம். குமாஸ்தா ஐயா தமிழ் மூலத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“சார், இங்க ‘அலோன்’னு போட்டிருக்கீங்க. சாட்சி ஆளைக் காட்டினான், ஆளை எண்ணலை” என்றார்.

நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தொல்காப்பியமும் நன்னூலும் ஃபௌலரும் சேர்ந்து சொல்லியிருக்க வேண்டியதை ஒரு மனிதர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஜூனியர் மறுபேச்சில்லாமல் திருத்தி எழுதினார். தம் வாயால் தவறாகப் பேசுகிறவருக்கு அந்தத் தவறு எங்கே, எதனால் ஆபத்தாகும் என்பது தெரிந்திருந்தது. சுத்தமாகப் பேசுகிறவருக்குத் தெரியவில்லை.

இதைப் பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு என் ஹாஸ்யக் கதை ஒன்று பத்திரிகையில் வெளியாயிற்று. அதில் ஒரு குமாஸ்தா வருவார். வாயைத் திறந்தால் ‘ஒன்லி’. “மீ ஒன்லி”, “கோர்ட்டு ஒன்லி” என்று நான் அவரை ஆட்டி வைத்தேன். வாசகர்கள் வயிறு குலுங்கச் சிரித்ததாகக் கடிதங்கள் வந்தன. சென்னைப் பேட்டியில் மூன்று பேர் என்னைச் சிரித்ததற்கு, ஆயிரம் பேரைக் கொண்டு வேறொருவரைச் சிரிக்க வைத்துப் பழி தீர்த்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. சாட்சி ஆளைக் காட்டினான் என்ற அந்த ஒரு வரியைக் கதையில் வைக்கவில்லை. வைத்திருந்தால் அவரைப் பார்த்து யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். கதையும் கதையாக இருந்திருக்கும். பாத்திரத்தின் வாயைப் பிடித்துக்கொண்டு மூளையை விட்டுவிடுவது எழுத்தாளன் செய்கிற குற்றங்களில் மிக மலிவானது. பிறர் நாவல்களில் அதைக் கண்டால் நான் இன்று கடுமையாக எழுதுவதற்குக் காரணம், என் கையில் அந்தக் கறை இருப்பதுதான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் அவரை எதிரே பார்த்தேன். கக்கத்தில் குடை, கையில் கட்டு. ஒதுங்கிப் போக வழியில்லை.

“தம்பி, கதை படிச்சேன். என்னைத்தானே எழுதியிருக்கே?” என்றார்.

“இல்லீங்க ஐயா, பொதுவாத்தான்…” என்றேன். பொய் சொல்லக்கூட எனக்கு ஒரு ‘தான்’ தேவைப்பட்டது.

அவர் கோபிக்கவில்லை. குடையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுப் பக்கம் நடந்தார்.

நல்லாத்தான் இருக்கு! நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நன்றாக இல்லை என்றும் அர்த்தமில்லை. ஒப்புக்கொண்டு, ஒன்றைப் பாக்கி வைத்து, அந்தப் பாக்கியை நீயே கண்டுபிடித்துக்கொள் என்று விட்டுவிட்டுப் போகிற ‘தான்’ அது. பிரிநிலையும் அல்ல, வெறும் தேற்றமும் அல்ல. அந்த மூன்று சொற்களை இங்கிலீஷில் எழுதிப் பார்க்க நான் பல தடவை முயன்றிருக்கிறேன். இதுவரையில் முடியவில்லை.